சும்மா ஒரு கையெழுத்து, ஸார்!

தமிழில் ரொம்ப ஆபத்தான சொல் எது என்று பட்டிமன்றம் வைத்தால் என் ஓட்டு 'சும்மா'வுக்குத்தான். "சும்மா ஒரு கையெழுத்து, ஸார்!" "சும்மா ஃபார்மாலிட்டிக்கு!" "சும்மா பேருக்கு உங்களைப் போட்டிருக்கோம்!" இந்தச் சும்மாக்களை நம்பிப் பேனா மூடியைக் கழற்றிய பல பேர், பிற்காலத்தில் சும்மா இருக்க முடியாமல் கோர்ட் வராந்தாவில் உலாத்திக்கொண்டிருக்கிறார்கள்.

காரணம், கோர்ட்டுக்கும் பேங்குக்கும் ஒரு தனி பாஷை. ஜாமீன், வாரிசு, அசல், பாக்கி, வசூல், ஜப்தி எல்லாம் அரபு நாட்டில் பிறந்து, பாரசீகம் வழியாக நவாப் காலத்துக் கச்சேரிகளுக்கு வந்து சேர்ந்த சொற்கள். நாமினி, கியாரண்டி, பவர் வகையறாக்கள் வெள்ளைக்காரனோடு கப்பலில் வந்தவை. நாம் விருந்தோம்பலுக்குப் பேர் போனவர்கள் இல்லையா? எல்லாவற்றையும் வீட்டுக்குள் கூப்பிட்டு உட்கார வைத்து, நம் இஷ்டத்துக்கு ஒரு அர்த்தமும் கொடுத்துவிட்டோம். ஆனால் கோர்ட் அதன் அர்த்தத்தை மாற்றிக்கொள்ளவில்லை. வீட்டு அர்த்தத்துக்கும் கோர்ட்டு அர்த்தத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியை ரூபாயில்தான் நிரப்ப வேண்டியிருக்கிறது.

அடிக்கடி அடிபடுகிற நாலைந்து சொற்களை மட்டும் இந்த வாரம் பார்க்கலாம்.

*

ஜாமீன்

ஞாயிற்றுக்கிழமை காலை. மனைவியின் அண்ணன் மகன் கால் கிலோ மைசூர்பாகோடு வருகிறான்.

"மாமா, லோன் சாங்ஷன் ஆயிடுச்சு. ஜாமீன் கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி. நம்ம குடும்பத்துல கவர்மெண்ட் சம்பளம் வாங்கறவர் நீங்க ஒருத்தர்தானே!"

மாமா தயங்குகிறார். சமையல்கட்டிலிருந்து குரல் வருகிறது.

"என் அண்ணன் புள்ளை மொத மொதல்ல வாய்விட்டுக் கேக்கறான். நீங்களா பணம் தரப்போறீங்க? சும்மா ஒரு கையெழுத்துதானே?"

மைசூர்பாகு ஜீரணமாவதற்குள் மாமா மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டு முடித்துவிடுகிறார்.

மாமாவின் அகராதியில் ஜாமீன் என்றால், 'இவன் நல்ல பையன், எனக்குத் தெரிந்தவன்' என்று ஒரு நற்சான்றிதழ். பேங்க் வைத்திருக்கும் அகராதியோ 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம். அதன் 128-ஆவது பிரிவு, பத்திரத்தில் வேறுவிதமாக எழுதியிருந்தாலொழிய, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ ஜாமீன்தாரருக்கும் அவ்வளவு பொறுப்பு என்கிறது. அசல், வட்டி, தாமதத்துக்கான அபராதம், எல்லாமும் சேர்த்துத்தான்.

"முதல்ல அவனைக் கேளுங்க ஸார். அவன் தரலைன்னா அப்புறம் என்கிட்ட வாங்க" என்று மாமா சட்டம் பேசிப் பார்க்கலாம். எடுபடாது. கடன்காரரைத் துரத்திக் களைத்த பிறகுதான் ஜாமீன்தாரரிடம் வர வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. இதை பீகார் வங்கி ஒன்று தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் பல வருஷங்களுக்கு முன்பே சொல்லிவிட்டது. யார் கதவை முதலில் தட்டுவது என்பது கடன் கொடுத்தவர் இஷ்டம். பையன் வீட்டைக் காலி செய்து, செல் நம்பரை மாற்றி, எந்த ஊரில் இருக்கிறான் என்றே தெரியவில்லை. மாமாவோ அதே வீடு, அதே ஆபீஸ், மாதா மாதம் சம்பளம். நீங்கள் பேங்க் மானேஜராக இருந்தால் யாரைத் தேடிப் போவீர்கள்?

இதே சொல் பேப்பரில் வேறு வேஷத்தில் வருகிறது. 'பிரமுகர் ஜாமீனில் விடுதலை.' கிரிமினல் கோர்ட்டில் ஜாமீன் என்றால் உள்ளே இருப்பவர் வெளியே வருகிறார். பேங்கில் ஜாமீன் என்றால் வெளியே இருப்பவர் உள்ளே மாட்டிக்கொள்கிறார்.

சட்டம் மாமாவை அடியோடு கைவிடவில்லை. அவர் கடனைக் கட்டிவிட்டால், பேங்குக்கு இருந்த உரிமையெல்லாம் அவருக்கு வந்துவிடும். பையன் அடமானம் வைத்த பொருள் ஏதாவது இருந்தால் அதன் மேலும் உரிமை உண்டு. பையன் மேல் கேஸ் போட்டு வசூல் செய்துகொள்ளலாம். அதாவது, இத்தனை ஆபீஸர்களையும் வக்கீல்களையும் வைத்துக்கொண்டு பேங்கால் பிடிக்க முடியாத ஆசாமியைத் தனியாளாகப் பிடிக்கும் உரிமை! அப்புறம் இன்னொன்று: மாமாவின் சம்மதம் இல்லாமல் கடன் நிபந்தனைகளை மாற்றினால், மாற்றத்துக்குப் பிந்தைய விவகாரங்களுக்கு அவர் பொறுப்பில்லை என்று 133-ஆவது பிரிவு சொல்கிறது. அதனால்தான் 'என்ன மாற்றினாலும் எனக்குச் சம்மதம்' என்ற வரியை முன்கூட்டியே பல ஃபாரங்களில் பொடி எழுத்தில் அச்சடித்து வைத்திருக்கிறார்கள். மாமா கையெழுத்துப் போட்ட மூன்று இடங்களில் ஒன்று அதற்கு அடியில்தான்.

பையன் ஒழுங்காகக் கட்டினாலும் ஒரு சின்ன சிக்கல் உண்டு. அந்தக் கடன் மாமாவின் கிரெடிட் ரிப்போர்ட்டிலும் உட்கார்ந்திருக்கும். நாளைக்கு அவர் பெண் படிப்புக்குக் கடன் கேட்டுப் போனால், "ஏற்கெனவே ஒண்ணுக்கு ஜாமீன் இருக்கீங்களே, ஸார்" என்று மானேஜர் கண்ணாடியைத் தூக்கிப் பார்ப்பார்.

ஆகவே கையெழுத்துக்கு முன்னால் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, பையன் கட்டுவானா என்பதல்ல. 'அவன் கட்டாவிட்டால், இந்த மொத்தத்தையும் என்னால் கட்ட முடியுமா?' முடியும் என்றால் தாராளமாகப் போடுங்கள். முடியாதென்றால் மைசூர்பாகுக்கு நன்றி சொல்லி, உங்களால் திருப்பிக் கேட்காமல் இருக்கக்கூடிய ஒரு தொகையைக் கையில் கொடுத்து அனுப்புங்கள். கோபம் இரண்டு தீபாவளிக்கு நிற்கும். ஜாமீன் பல தீபாவளிகளுக்கு நிற்கும்.

*

நாமினி

இந்தச் சொல்லை வைத்துச் சிரிக்க மனசு வருவதில்லை. ஏனென்றால் இதன் அர்த்தத்தைத் தெரிந்துகொள்ளும் நாள் வீட்டில் யாரோ இறந்துபோன நாளுக்கு அடுத்து வருகிறது.

ஒரு இளைஞன் வேலைக்குச் சேர்கிறான். கல்யாணம் ஆகவில்லை. இன்ஷூரன்ஸ் ஃபாரத்தில் நாமினி என்ற கட்டத்தில் அண்ணன் பெயரை எழுதுகிறான். பிறகு கல்யாணம், இரண்டு குழந்தைகள். அந்தக் கட்டம் ஞாபகத்துக்கே வரவில்லை. ஒரு நாள் விபத்து. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அண்ணன் சொல்கிறார்: "தம்பி என் பேரைத்தான் எழுதியிருக்கான். பணம் எனக்குத்தான்." அந்தப் பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "அப்படியா, சட்டம் அதுதான் போலிருக்கு" என்று நம்பிவிடுகிறாள்.

சட்டம் அது இல்லை, அம்மா.

நாமினி என்பவர் பொதுவாகப் பணத்தை வாங்கிக்கொள்ளும் கை. பணத்தின் சொந்தக்காரர்கள் வாரிசுகள், அல்லது உயிலில் பெயர் உள்ளவர்கள். இன்ஷூரன்ஸ் விஷயத்தில் 1983-லேயே சர்பதி தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. கம்பெனி ஷேர்களுக்கும் நாமினி முழுச் சொந்தக்காரர் ஆகமாட்டார் என்று 2023 டிசம்பரில் சொன்னது. பேங்க் டெபாசிட்டிலும் அதே கதைதான். நாமினியிடம் பணத்தைக் கொடுத்ததோடு பேங்கின் கடமை முடிகிறது. அவரிடமிருந்து வாங்கிக்கொள்ளும் வாரிசுகளின் உரிமை முடிவதில்லை.

மேலே சொன்ன குடும்பம் இந்துக் குடும்பம், உயில் எதுவும் இல்லை என்றால், 1956-ஆம் வருஷச் சட்டப்படி மனைவிக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இறந்தவரின் தாயாருக்கும் சமபங்கு. இவர்கள் இருக்கும்போது அண்ணனுக்குப் பங்கே கிடையாது. மற்ற மதத்தவருக்கு அவரவர் வாரிசுச் சட்டம்.

2015-ல் இன்ஷூரன்ஸ் சட்டத்தைத் திருத்தினார்கள். பெற்றோர், கணவன் அல்லது மனைவி, குழந்தைகள் இவர்களில் ஒருவரை நாமினியாகப் போட்டால் அவருக்கே பணம் உரிமையாகும். அண்ணன், தம்பி, நண்பர் இந்தப் பட்டியலில் இல்லை. பி.எஃப். விதிகளிலும் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு: குடும்பம் இல்லாத காலத்தில் வெளியாள் பெயரில் எழுதிய நாமினேஷன், குடும்பம் ஏற்பட்டதும் செல்லாததாகிவிடும்; புதிதாக எழுத வேண்டும்.

"அப்படின்னா நாமினியே வேண்டாமே?" என்று அவசரப்படாதீர்கள். நாமினி இல்லாத கணக்கில் பணத்தை எடுக்க வாரிசுச் சான்றிதழ், ஆட்சேபணை இல்லைக் கடிதம், சில சமயம் கோர்ட் சான்றிதழ் என்று செருப்பு தேய்ந்துபோகும். 10 வருஷம் யாரும் சீண்டாத டெபாசிட் ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் ஒரு நிதிக்குப் போய்விடுகிறது. (பிறகும் கேட்டு வாங்கலாம். எந்த பேங்கில் இருக்கிறது என்று தேட 'உத்கம்' என்ற இணையதளத்தை 2023-ல் ஆரம்பித்திருக்கிறார்கள்.) 2025 நவம்பர் 1 முதல் பேங்க் டெபாசிட்டுக்கு நாலு பேர் வரை நாமினி போடலாம்.

செய்ய வேண்டியது இரண்டே வேலை. கல்யாணம், குழந்தை, மரணம் இந்த மூன்றில் எது நடந்தாலும் நாமினி கட்டத்தைத் திறந்து பாருங்கள். கூடவே ஒரு உயிலும் எழுதி வையுங்கள். உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும், இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். பதிவு செய்வது கட்டாயமில்லை; செய்தால் பின்னால் தகராறு குறையும். உயில் எழுதினால் ஆயுசு குறையும் என்று சட்டத்தில் எங்கும் போடவில்லை.

*

ரெண்டு வட்டி

கேட்பதற்கு ரெண்டு இட்லி மாதிரி எவ்வளவு சாதுவாக இருக்கிறது!

"எவ்வளவு வட்டி?"

"நமக்குள்ள என்னண்ணே, ரெண்டு வட்டி போட்டுக்கலாம்."

அதாவது மாசத்துக்கு, நூற்றுக்கு ரெண்டு ரூபாய். வருஷத்துக்கு 24 சதவீதம். அஞ்சு வட்டி என்றால் 60. பத்து வட்டி என்றால் 120. வருஷம் முடியும்போது வாங்கின பணத்தைவிட வட்டி பெரிசு. பேங்கில் 11 சதவீதம் என்றால் "அநியாயம்!" என்று கத்துகிற நாம், தெருமுனையில் அஞ்சு வட்டிக்கு "பரவாயில்லை, தெரிஞ்சவர்" என்கிறோம். 11 பெரிசு, அஞ்சு சின்னது என்று ஒண்ணாங்கிளாஸ் வாத்தியார் சொல்லிக்கொடுத்தாரே!

தமிழ்நாட்டில் 2003-ல் ஒரு சட்டம் வந்தது. கந்து வட்டி, மீட்டர் வட்டி, தின வட்டி, மணி வட்டி, தண்டல் என்று நம் தெருச் சொற்களையே சட்டத்தில் எழுதி விளக்கம் கொடுத்தார்கள். அதிக வட்டி வசூலித்தால் மூன்று வருஷம் வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். சட்டப் புத்தகத்துக்குள் போன பிறகும் இந்த வட்டிகள் ஊருக்குள்ளேயும் நடமாடிக்கொண்டிருப்பது வேறு விஷயம்.

படித்தவர்களுக்கென்று ஒரு வட்டி இருக்கிறது. அதன் பெயர் 'ஃப்ளாட்'. அடுக்குமாடி வீட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் ஆளை ஃப்ளாட்டாக்கிவிடும்.

வண்டி வாங்க 1 லட்ச ரூபாய் கடன், 3 வருஷம், '12 சதவீதம் ஃப்ளாட்'. வருஷத்துக்கு 12,000 வீதம் 36,000 ரூபாய் வட்டி. மொத்தம் 1,36,000-ஐ 36 மாசத்தால் வகுத்தால் மாசத் தவணை 3,778 ரூபாய். கணக்கு சரிதானே? ஒரே ஒரு இடத்தில்தான் உதைக்கிறது. நீங்கள் மாசா மாசம் அசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வருகிறீர்கள். ஆனால் கடைசி மாசம் வரை முழு லட்சத்துக்கும் வட்டி கொடுக்கிறீர்கள். குறைந்துவரும் பாக்கிக்கு மட்டும் அதே 12 சதவீதம் போட்டால் தவணை 3,321 ரூபாய்தான். மூன்று வருஷத்து வட்டி 19,600 ரூபாயைத் தாண்டாது. திருப்பிச் சொன்னால், 12 சதவீத ஃப்ளாட் என்பது உண்மையில் 21 சதவீதத்துக்கும் மேலே.

2024 அக்டோபர் 1-லிருந்து, தனிநபர்களுக்குக் கொடுக்கும் கடன்களுக்கு பேங்குகளும் ஃபைனான்ஸ் கம்பெனிகளும் ஒரு விவரத்தாள் கொடுத்தாக வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. வட்டியோடு கட்டணங்களையும் சேர்த்து வருஷத்துக்கு மொத்தம் எத்தனை சதவீதம் என்று அதில் இருக்கும். கடன் வாங்குபவருக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும் என்பதும் உத்தரவு. ஆகவே கூச்சப்படாமல், "தமிழ்ல கொடுங்க ஸார்" என்று கேளுங்கள். அந்த ஒரே ஒரு சதவீதத்தை வைத்து நாலு இடத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள்.

*

வில்லங்கம்

'ஆள் ஒரு மாதிரி வில்லங்கமான ஆளு' என்று நாம் சொல்வதற்கும், பத்திர ஆபீஸில் வில்லங்கம் என்று சொல்வதற்கும் தூரம் அதிகம்.

"மனை சுத்தமா இருக்கு ஸார். வில்லங்கம் போட்டுப் பார்த்துட்டேன். ஒண்ணுமே இல்லை!" என்பார் புரோக்கர். வில்லங்கச் சான்றிதழ் சொல்வது ஒன்றுதான்: நீங்கள் கேட்ட காலத்துக்குள், அந்தச் சொத்தின் மேல் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான பத்திரங்கள் இவை. பதிவாகாதது அதில் வராது. பதிவு செய்யாத உயில் வராது. பாட்டிக்குக் கொடுக்க வேண்டிய பங்கைக் கொடுக்காமல் பெரியப்பா விற்ற கதை வராது. கேட்டது 13 வருஷத்துக்கு என்றால் 14-ஆவது வருஷத்து அடமானம் வராது. வில்லங்கம் இல்லை என்று தாள் சொன்னால், தாளில் வில்லங்கம் இல்லை என்று அர்த்தம். அதனால் 30 வருஷத்துக்குப் போட்டுப் பார்த்து, மூலப் பத்திரங்களோடு வக்கீலிடமும் காட்டிவிடுவது நல்லது.

"பட்டா என் பேர்ல இருக்கே!" என்பது அடுத்த தைரியம். பட்டா வருவாய்த்துறையின் பதிவேடு. முக்கியமான ஆவணம்தான், ஆனால் சொத்துரிமையை உண்டாக்குவது அது இல்லை. கிரயப் பத்திரம், செட்டில்மெண்ட், பாகப்பிரிவினை, உயில், வாரிசுரிமை இப்படி ஒரு வழியில் சொத்து உங்களுக்கு வந்திருக்க வேண்டும். வந்த பிறகு பட்டா மாறும்.

மூன்றாவது, 'பவர்'. "கிரயம் எதுக்கு ஸார், செலவு ஜாஸ்தி. பவர் எழுதித் தர்றேன், வீடு உங்களுதுதான்." இப்படி வாங்கினால் சொத்து கைமாறாது என்று 2011-ல் சூரஜ் லாம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. சாதாரணமாக, பவர் கொடுத்தவர் இறந்தால் பவரும் கூடவே போய்ச் சேர்ந்துவிடும். கரெண்ட் போனால் பவர் போவது தெரியும். ஆள் போனாலும் பவர் போகும் என்பது நிறையப் பேருக்குத் தெரியாது.

*

எக்ஸ்-பார்ட்டி

பிறந்த நாள் பார்ட்டி மாதிரி ஏதோ ஒன்று என்று நினைக்க வேண்டாம். ஒரு கட்சி வராமலே கேஸ் முடிந்துபோவதற்கு இந்தப் பெயர்.

"கோர்ட்லேர்ந்து தபால் வந்துச்சு. நான் வாங்கவே இல்லையே! ஆள் இல்லைன்னு சொல்லித் திருப்பி அனுப்பிட்டேன்" என்று டீக்கடையில் மார்தட்டுகிறார் ஒருவர். தபாலை வாங்காவிட்டால் கேஸ் வாசலோடு திரும்பிப் போய்விடும் என்பது அவர் கணக்கு. சம்மனை வாங்க மறுத்ததாகக் குறிப்போடு திரும்பினால், முறைப்படி சேர்ப்பித்ததாகவே கோர்ட் எடுத்துக்கொள்ளலாம். அவர் இல்லாமலே விசாரணை, அவர் இல்லாமலே தீர்ப்பு. அதை ரத்து செய்யச் சொல்லி மனுப் போட 30 நாள் கெடு. அதில் பாதி நாள் டீக்கடையிலேயே கழிந்திருக்கும்.

தபாலை வாங்குங்கள். வாங்கினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகாது. பிரித்துப் படித்து, தேதியைக் குறித்துக்கொண்டு, வக்கீலைப் பாருங்கள். வக்கீலுக்குக் கொடுக்க வசதி இல்லையென்றால், மாவட்ட நீதிமன்றத்தை ஒட்டி இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவைக் கேளுங்கள். பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், வருமானம் குறைந்தவர்கள் எனப் பலருக்கு அங்கே இலவச உதவி உண்டு. அதற்கென்று 1987-லேயே சட்டம் போட்டிருக்கிறார்கள்.

*

இந்தச் சொற்களையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வக்கீல்களும் பிழைக்க வேண்டும். எந்தத் தாளை நீட்டினாலும் மூன்று காரியம் செய்தால் போதும். ஒன்று, "இதுல கையெழுத்துப் போட்டா எனக்கு என்ன கஷ்டம் வரலாம்?" என்று நீட்டியவரிடமே கேளுங்கள். "ஒண்ணும் வராது" என்று பதில் வந்தால், அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். அவர் முகம் மாறும் விதத்தில் பாதி விஷயம் தெரிந்துவிடும். இரண்டு, தாளை ஒரு ராத்திரி வீட்டில் வைத்திருங்கள். நாளைக்குள் கெட்டுப்போக அது பால் இல்லை. மூன்று, ஒரு நகல் வாங்காமல் எழுந்திருக்காதீர்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குக் கொஞ்சம் பொறாமை. எழுதப் படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைத்தால், தாளைப் படித்துக் காட்டி அவருக்குப் புரியவைத்ததாகக் கீழே ஒரு வரி எழுதச் சொல்கிறார்கள். எம்.ஏ., எம்.காம். என்று பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்கிற நமக்கு அந்த வசதி கிடையாது. படிக்கத் தெரிந்தவர் படித்திருப்பார் என்று சட்டம் நம்பிவிடுகிறது, பாவம்!